நீளமானதை வைத்துக்கொள்

செண்பகவடிவு தன் கொழுந்தனின் மணிக்கட்டை உடைத்த அன்று அவளுக்கு அவன்மேல் துளிக்கூடக் கோபம் கிடையாது. சொல்லப்போனால் அவன் வருகிறான் என்றுதான் காலையிலேயே கறிக்கடைக்குப் போய் நெஞ்செலும்பு வாங்கி வந்திருந்தாள். சுடலைமணி நல்ல பையன். தூத்துக்குடியில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் மைனிக்கு மக்ரூன் வாங்காமல் வரமாட்டான். அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது சத்தமில்லாமல் வந்து பின்னாலிருந்து கண்ணைப் பொத்தினான்.

"யாருன்னு சொல்லுங்க மைனி, பாப்போம்."

மதினிக்கும் கொழுந்தனுக்கும் இடையில் எந்த வீட்டில்தான் நடக்காத கேலி இது. ஆனால் வடிவின் இடதுகை மேலே போய் அவன் கட்டைவிரலைப் பிடித்து ஒரு திருகு திருகியது. மணிக்கட்டில் முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் குதிகால் அவன் முழங்காலின் பின்பக்கம் இறங்கியது. அவன் தரையில் மோவாய் இடிக்க விழுந்தான். அவன் முதுகில் ஒரு முட்டியை ஊன்றி, தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, வெங்காயக் கத்தியைக் காதுக்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள். எல்லாம் மூன்று விநாடி. அவளுடைய ஏழு வயது மகள் தாமிரா வாசற்படியில் நின்று "அம்மா" என்று அலறியிராவிட்டால் கத்தி மேலும் போயிருக்கும். அதற்குள்ளேயே ஒரு நகக்கண் ஆழம் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டர், பிள்ளையாண்டானை எந்தக் கூலிப்படை அடித்தது என்று கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்று சுடலைமணி சாதித்துவிட்டான். மைனியைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதன்பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. வடிவின் கணவன் லிங்கராஜ் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். அன்று சாயங்காலம் மகளின் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போய் தன் அறையில் போட்டான்.

"கொஞ்ச நாளைக்குப் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றான். "தப்பா நெனைக்காத. அவளே உங்கிட்ட வரமாட்டேங்கா."

அதுதான் வடிவை அறுத்தது. மகள் தன்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்வதை அவளால் சகிக்க முடியவில்லை. அதைவிட, மகள் பயப்படுவது நியாயந்தான் என்று அவளுக்கே தோன்றியது. கத்தியை வைக்க வேண்டிய இடம் தனக்கு எப்படித் தெரிந்தது?  கோழி அறுப்பதைக்கூட அவள் நின்று பார்த்ததில்லை.

இனி அவள் பார்த்த வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ ரவுடி வம்சம் என்று நினைத்துக்கொள்வீர்கள். வடிவு நூலக அறிவியல் படித்தவள். படித்து முடித்து வெளியே வந்தபோது நூலகங்கள் இருந்தன, நூலகர் வேலைதான் இல்லை. உலகம் முழுக்க நூலகங்கள் தங்கள் வேலையையெல்லாம் கம்பெனிகளிடம் தூக்கிக் கொடுத்திருந்தன. பட்டியல் போடுவது, பொருள்தலைப்பு கொடுப்பது, வாசகர் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாமே குத்தகை. அப்படித் தெல்மாரா என்கிற தூரத்து நாட்டின் தேசிய நூலகம், பாளையங்கோட்டைக்கு வெளியே நான்குவழிச் சாலையோரம் இருந்த ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குக் குத்தகை வந்திருந்தது.

தெல்மாராவில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு வைப்பார்கள். கண்டது, கேட்டது, கை செய்தது, மனம் நினைத்தது எல்லாம் அதில் பதிவாகும். அந்த நாட்டில் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஏழு நாள் கலவரம். பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனைக் கொன்றான். அடங்கியபிறகு, செத்தவர்களின் சில்லு, கொன்றவர்களின் சில்லு எல்லாவற்றையும் சேகரித்து நூலகத்தில் வைத்தார்கள். நூலகத்துக்கு வந்தால் பட்டியல் வேண்டும் அல்லவா? எந்த இடம், எந்த நேரம், என்ன ஆயுதம் என்று எழுத ஒரு ஆள் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவுக்குள் வாழ்ந்து வர வேண்டும். தெல்மாராக்காரர்கள் எல்லாரும் மாட்டேன் என்றார்கள். வடிவு மாதிரி நூற்றிருபது பேர் சரி என்றார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாருக்கும் கழுவு உண்டு. சாய்வு நாற்காலியில் பத்து நிமிடம் படுத்து எழுந்தால் அன்று தொப்பிக்குள் பார்த்தது அத்தனையும் மறந்துபோகும். அலுவலகப் பேச்சு, மதியச் சாப்பாடு எல்லாம் ஞாபகம் இருக்கும், கொலைகள் மட்டும் இருக்காது. கட்டாயம் என்று விதி ஒன்றும் இல்லை, வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். மூன்று வருடமாக வடிவு தினமும் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை அவள் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தாள். எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலி ரெஜினா மட்டும் தன் வீட்டு நாய்க்குட்டி என்ன ஆனது என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் டப்பாவை மூடினாள்.

வடிவு நேராகத் தளப் பொறுப்பாளர் ஞானசிகாமணியிடம் போனாள். அவர் பழைய காலத்து நிஜ நூலகர், மாவட்ட மைய நூலகத்தில் இருந்தவர், அதைக் கம்பெனி எடுத்தபோது கூடவே எடுக்கப்பட்டவர். அவள் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. கதவைச் சாத்தினார்.

"கழுவுனா கதை போயிரும்மா. கை போவாது. சைக்கிள் ஓட்டப் படிச்சது மறந்தாலும் கால் மிதிக்கும்லா, அந்த மாதிரி. பொறவு நான் ஏன் பொண்டாட்டி பிள்ளையள நாகர்கோவில்ல விட்டுட்டு இங்க லாட்ஜ்ல கெடக்கேன்னு நெனச்ச?"

"எல்லாருக்கும் கொல்லத்தான் கை பழகியிருக்கு சார். செத்தவுக பதிவும் இருக்குல்லா? அது ஏன் ஒருத்தருக்கும் ஏறல?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "நீ என்ன வேலை பாக்கேன்னு நீயே யோசிச்சுப் பாரு."

அவள் பார்த்தது இரட்டைப்பதிவு நீக்கம். நூலகத்தில் ஒரே புத்தகம் இரண்டு பட்டியலில் இருந்தால் ஒன்றாக்குவார்கள் இல்லையா, அதே வேலை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சம்பவம் என்று இயந்திரம் இரண்டு பதிவைச் சோடி சேர்த்து அனுப்பும். ஒப்பந்தத்தில் விதி ஒற்றை வரி: நீளமானதை வைத்துக்கொள். வடிவு நீளமான பதிவைப் போட்டுப் பார்த்துப் பட்டியல் எழுதிவிட்டு 'இணை' என்பதை அமுக்குவாள். குட்டைப் பதிவு முப்பது நாள் குப்பையில் கிடந்து அழியும். அதை ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை.

மூன்று வருடம் அமுக்கியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொலையில் சம்பந்தப்பட்ட இரண்டு பேரில் யாருடைய பதிவு நீளமாக இருக்கும்? பாதியில் நின்றுபோவது யாருடையது? செத்தவன் ஒவ்வொருவனையும் இரட்டைப் பதிவு என்று சொல்லி அவள்தான் குப்பையில் போட்டிருக்கிறாள்.

ரெண்டையும் வைத்தால் என்ன என்று கேட்டாள். இரட்டைப் பதிவு நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் குத்தகை போய்விடும் என்றார் அவர். அங்கே நூலகத்தில் யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாமே என்றாள். அங்கே ஆளே இல்லை, ஒரு கட்டடமும் ஒரு வாட்ச்மேனும்தான், எழுதுகிற கடிதத்துக்குப் பதில் போடுகிற வேலையும் இன்னொரு ஊரில் குத்தகைக்குப் போயிருக்கிறது என்றார்.

அன்று மதியம் வந்த முதல் சோடியில் வடிவு இரண்டையும் போட்டுப் பார்த்தாள்.

நீளமானது பதினோரு நிமிடம். பத்தொன்பது வயதுப் பையன், பெயர் இயோரன். அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டில் அண்ணன்மார் நான்கு பேர் அவனைப் பிடித்து முன்னால் தள்ளுகிறார்கள். நீ செய்யாவிட்டால் உன்னைச் செய்வோம் என்கிறார்கள். படியில் ஒரு பெண் பால்புட்டியோடு மேலே போய்க்கொண்டிருக்கிறாள். அவன் பின்னாலிருந்து அவள் கட்டைவிரலைத் திருகுகிறான், முழங்காலை மிதிக்கிறான், முடியைப் பிடித்துத் தூக்குகிறான். கத்தி முதல் தடவை சரியாக இறங்கவில்லை. எலும்பில் தட்டித் திரும்புகிறது. இரண்டாவது தடவை அண்ணன் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறான், காதுக்குக் கீழே ஒரு விரற்கடை. சூடு அவன் முழங்கைவரை வழிகிறது. அண்ணன்மார் முதுகில் தட்டிக்கொடுத்துப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு ஏழு நிமிடம் அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுக்கிறான், அம்மாவைக் கூப்பிடுகிறான், சட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் வைத்து அமுக்கிப் பார்க்கிறான். சுடலைமணியை உடைத்த கை தன்னிடம் எப்படி வந்தது என்று வடிவுக்குத் தெரிந்துபோனது. இதே கையைத்தான் அவள் வேறு வேறு ஆள்களின் பதிவில் நூறு தடவை போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

குட்டையானது நான்கு நிமிடம் பத்து விநாடி. அந்தப் பெண்ணின் பெயர் சபீன். படி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது, வயிற்றில் ஐந்து மாதம். விரல் ஒடிகிற வலியில் வடிவின் வாயிலிருந்து அலுவலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் ஓசை வந்தது. மோவாய் கல்லில் இடித்து நாக்கு அறுபடுகிறது. முதல் வெட்டு எலும்பில் தட்டும்போது சபீன், இவன் கீழ்வீட்டு இயோரன் அல்லவா, இவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே என்று நினைக்கிறாள். இரண்டாவது வெட்டுக்குப் பிறகு அவளுக்கு வலி இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறாள். அணைத்தோம் என்று ஞாபகம் வருகிறது, நிம்மதியாகிறது. அதோடு பதிவு நிற்கிறது.

வடிவு தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதாள். பிறகு இரண்டு பதிவையும் இணைத்தாள், விதிக்கு நேர்மாறாக. சபீனை வைத்துக்கொண்டு இயோரனைக் குப்பையில் போட்டாள். அன்று கழுவு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஒரு மாதம் அப்படித்தான். எல்லாச் சோடியிலும் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. மொத்தம் நாற்பத்தொரு பேர். அடுப்புக்கரியில் எரிந்தவன், கிணற்றில் தலைகீழாக இறக்கப்பட்டவள், சுத்தியலுக்கு முன்னால் கையை நீட்டி வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன கிழவன், எல்லாரையும் போட்டுப் பார்த்தாள், ஒருவரையும் கழுவவில்லை. பகலெல்லாம் செத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். உடம்பு வற்றியது. ஆனால் கை மாறியது. பேருந்தில் யாராவது இடித்தால் முன்பு முறுக்கிக்கொண்டு எழும்பிய கை இப்போது முகத்தை மறைக்க எழுந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆறுதலும் வந்தது. பயந்த கை யாரையும் கொல்லாது. தாமிராகூட மூன்றாவது வாரம் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு ஒரு முழம் தள்ளி வந்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நாள்தான், எல்லாம் சரியாகிவிடும் என்று வடிவு நம்பினாள்.

முப்பதாம் நாள் மத்தியானம் ஞானசிகாமணி அவளைக் கூப்பிட்டார். 

"நாப்பத்தொரு பதிவு எண் காணல்லன்னு மேல இருந்து கேட்டிருக்கான். உன் கைரேகைதான் விழுந்திருக்கு. நெசமாத்தானா?"

அவள் ஆமாம் என்றாள். செத்தவர்களை வைத்தேன், அதில் என்ன தப்பு என்றாள்.

 அவர் விஷயத்தைச் சொன்னார். தனக்கும் இன்று காலைதான் தெரியும், ஒப்பந்தத்தில் ஓர் இடத்திலும் இது இல்லை, நமக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை என்றார். கலவரம் முடிந்ததும் தெல்மாராவில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். கொன்றவன் தானாக வந்து சில்லைக் கொடுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால் அவனுக்கு மன்னிப்பு. கொடுக்காதவனுக்குத் தூக்கு. சில்லு கொடுத்ததற்கு அத்தாட்சி நூலகப் பட்டியலில் இருக்கிற அவன் பதிவு எண். மன்னிப்பு ஆணையத்தில் இருக்கிற இயந்திரம் வாரம் ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்கும். எண் இருந்தால் மன்னிப்பு நிற்கும். இல்லாவிட்டால் அவன் ஒளித்தவன் கணக்கில் சேர்ந்துவிடுவான். நடுவில் மனிதர்கள் யாரும் இல்லை.

"ஒம்போது பேரைத் தொங்கவிட்டாச்சும்மா" என்றார் ஞானசிகாமணி. "மிச்சம் முப்பத்திரெண்டு பேரு செயில்ல நிக்கான்."

  அந்த ஒன்பது பேரில் சுத்தியல்காரனும் உண்டா என்று வடிவு கேட்டாள். ஏன் அதைக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. உண்டு என்றார்.

இணைத்தவர் கைரேகை வைத்தால்தான் பிரிக்க முடியும், போய் உடனே எல்லாவற்றையும் திருப்பிப் போடு என்றார் அவர். நீளமானதை எடுத்து வைத்துவிட்டுக் குட்டையைக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். ரெண்டுக்கும் இடம் கிடையாது, அந்த நூற்றுக்கு இரண்டு ஏற்கெனவே நிரம்பிவிட்டது, விதி பழைய விதிதான். முதலில் செய்ததற்கு இன்று ஐந்து மணியோடு முப்பது நாள் முடிகிறது, அதை முதலில் எடு, அந்தப் பையனுக்கு நாளைக் காலையில் நாள் குறித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மேலிடத்தோடு பேசப் போனார்.

வடிவு திரையில் முதல் வரிசையைத் திறந்தாள். ஒரு பக்கம் இயோரன், ஒரு பக்கம் சபீன். பார்த்துவிட்டு, கடைசியில் செய்துகொள்ளலாம் என்று அடுத்ததற்குப் போனாள்.

முப்பத்தொரு பேரை அவள் வரிசையாக மீட்டாள். ஒவ்வொரு தடவை விரலை வைக்கும்போதும் தொலைதூரத்தில் ஒருவன் பிழைத்தான், அவனால் செத்தவன் இரண்டாம் தடவை செத்தான். கிணற்றுப் பெண்ணைக் குப்பையில் போட்டபோது வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாள். உயிரோடிருக்கிறவனைக் கொல்லக் கூடாது, அவ்வளவுதான் நியாயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லக் கை வேகமாக வேலை செய்தது.

கடைசியாக முதல் சோடி மிஞ்சியது. மணி நான்கு நாற்பது.

இயோரனை அவளுக்குத் தெரியும். அவனைப் பெற்றவளுக்குத் தெரிவதைவிட அதிகமாகத் தெரியும். அவன் வயிறு புரட்டியதும், சட்டையைச் சுருட்டி அமுக்கியதும், அம்மா அம்மா என்றதும் அவள் உடம்பிலேயே இருந்தன. தானாகப் போய்ச் சில்லைக் கொடுத்த பையன். இப்போது முப்பது வயது இருக்கும், மன்னித்துவிட்டார்கள் என்று நம்பி வீடு வாசல் என்று இருந்திருப்பான். விரலை வைத்தால் போதும். அவள் விரலைத் தூக்கினாள்.

தூக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். வைத்தால் சபீன் இல்லை. அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தது இல்லை, ஐந்து மாதம் இல்லை, அடுப்பை அணைத்தது இல்லை. அவள் செத்ததைக்கூட இனிமேல் அவன் சொல்லித்தான் உலகம் தெரிந்துகொள்ள வேண்டும், பதினோரு நிமிடத்தில் ஏழு நிமிடம் அவன் அழுகைதான். செத்தவளைவிட அழுதவனுக்கு இடம் அதிகமா? வடிவுக்குக் கோபம் வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, இரவல் இல்லாத, அவளுக்கே சொந்தமான கோபம்.

மூன்று விநாடியில் ஒருவனைக் கவிழ்த்த கைகள் அவை. அவற்றை மடியில் கோத்து வைத்துக்கொண்டாள். அவை படபடக்கவில்லை, முறுக்கவும் இல்லை. சொன்னபடி கிடந்தன. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு இயோரனின் பதிவு திரையிலிருந்து போனது.

ஞானசிகாமணி வந்து எல்லாம் முடிந்ததா என்று கேட்டார். "முடிஞ்சிட்டு சார்" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்காவது கழுவிக்கொண்டு போ, வேண்டுமானால் முழு மாதத்தையும் எடுத்துவிடச் சொல்கிறேன், உனக்கு நல்லது என்றார். வேண்டாம் என்றாள். செய்தது ஞாபகம் இருக்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. முகம் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். தாமிரா எங்கிருந்தோ ஓடிவந்தவள் பழக்கதோஷத்தில் பின்பக்கமாகப் பாய்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் பிள்ளைக்கே ஞாபகம் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. லிங்கராஜ் கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டுப் பாதி எழுந்தான்.

வடிவின் கை எழும்பவில்லை. முகத்தை மறைக்கவும் போகவில்லை. மெதுவாகப் பின்னால் நீண்டு பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தது.

லிங்கராஜ் நெடுநேரம் அதையே பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தாமிராவின் பாயையும் தலையணையையும் எடுத்துவந்து வடிவின் அறையில் போட்டான்.

"கை சரியாயிட்டு" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தான். "இனிம பயமில்ல, ஒங்கூடயே படுத்துக்கிடட்டும்."

பிள்ளை அதற்குள் அவள் மடியில் ஏறித் தலையைச் சாய்த்திருந்தது. காதுக்குக் கீழே மென்மையாக நாடி துடித்தது. வேண்டாங்க, அந்த அறையிலேயே இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வடிவு நினைத்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு பிள்ளை மடிக்கு வந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை.